புதன்கிழமை மதியம், சின்னசாமியில்

பெங்களூரின் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த என் அம்மா, மூன்று மெட்ரோ நிறுத்தங்கள் தள்ளியிருக்கும் சின்னசாமி கிரிக்கெட் அரங்கத்துக்குள் முதன்முறையாகக் காலெடுத்து வைத்தது 2024 ஜூன் 19 அன்று, தன் 68ஆவது வயதில். இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணியோடு இரண்டாவது ஒருநாள் போட்டி. புதன்கிழமை என்பதால் நான் அரை நாள் விடுப்பு போட்டிருந்தேன். மேலாளரிடம் பல்வலி என்று சொல்லியிருந்ததை இப்போது ஒப்புக்கொள்வதில் சிரமமில்லை, அந்த வேலையையே விட்டுவிட்டேன். எலுமிச்சை சாதத்தைப் பதினொரு மணிக்கே வீட்டில் முடித்துக்கொண்டு, கப்பன் பார்க் நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம்.

நடக்கும்போது நான் அம்மாவிடம் ஒரு செய்தி சொன்னேன். இந்தியப் பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட் போட்டியே இந்த மைதானத்தில்தான் நடந்தது. 1976 அக்டோபர் 31 அன்று, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தொடங்கிய அந்த ஆட்டத்தில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் பிறந்து பெங்களூரில் ஆடி வளர்ந்த சாந்தா ரங்கசாமி. அம்மாவுக்கு அப்போது 20 வயது; தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நடந்துவிட்டு, “நம்ம வீட்ல யாரு சொன்னா?” என்று மட்டும் கேட்டார். தாத்தா கிரிக்கெட் பைத்தியம். வானொலி வர்ணனையை ஒரு பந்து விடாமல் கேட்டவர். அவருக்கே தெரிந்திருக்கவில்லையா, தெரிந்தும் வீட்டுப் பெண்களிடம் சொல்லத் தோன்றவில்லையா என்பதை இனி யாரிடமும் கேட்க முடியாது.

இரு நாட்டு அணிகள் தமக்குள் ஆடும் தொடர்களை நம் ஊரில் பலரும் பொருட்படுத்துவதில்லை. உலகக் கோப்பை என்றால் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள்; இதற்கு, “யார் ஜெயித்தால் என்ன?” என்பார்கள். உண்மையில் அந்த மூன்று ஒருநாள் போட்டிகளும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி. நடத்தும் பெண்கள் சாம்பியன்ஷிப்பைச் சேர்ந்தவை. பத்து அணிகளில் ஒவ்வொன்றும் எட்டுத் தொடர்களில் 24 ஆட்டங்கள் ஆட வேண்டிய அந்த நீண்ட போட்டியின் புள்ளிகளைக் கொண்டுதான் உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதிபெறும் அணிகள் தீர்மானிக்கப்பட்டன. ஆனால் எனக்குச் சுற்றுப்பயணங்கள் பிடிப்பதற்குக் காரணம் புள்ளிகள் அல்ல. உலகக் கோப்பையில் எதிரணியை ஒரு மாலை பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம்; சுற்றுப்பயணத்தில் அதே பதினைந்து பேரை வாரக்கணக்கில் பார்க்கிறோம். மூன்றாவது ஆட்டம் வருவதற்குள் எதிரணியில் யாராவது ஒருவர் நமக்கு வேண்டியவராகிவிடுகிறார்.

அன்று நாங்கள் போனது இந்தியாவின் தொடக்க ஆட்டக்காரர் ஸ்மிருதி மந்தனாவுக்காக. அந்த மார்ச்சில்தான் அவர் தலைமையில் எங்கள் ஊர் அணியான ஆர்.சி.பி.யின் பெண்கள் அணி டெல்லியில் மகளிர் பிரீமியர் லீக் கோப்பையை வென்றிருந்தது. ஆண்கள் அணி ஐ.பி.எல்.லில் பதினாறு ஆண்டுகளாக முயன்றும் அதுவரை ஒரு கோப்பையும் கைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே நீல உடையில் ஆடினாலும் இந்த ஊருக்கு அவர் ஆர்.சி.பி.யின் பெண்தான். முந்தைய ஞாயிற்றுக்கிழமை இதே மைதானத்தில் 117 ஓட்டங்கள் எடுத்திருந்தவர், அன்று 120 பந்துகளில் 136 எடுத்தார். ஒருநாள் போட்டிகளில் அடுத்தடுத்து இரண்டு சதங்கள் அடித்த முதல் இந்தியப் பெண் என்ற பெருமையோடு, மிதாலி ராஜின் ஏழு சதங்களையும் சமன் செய்தார். மறுபக்கம் ஹர்மன்பிரீத் கவுர் 88 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 103. மூன்றாவதாக இறங்கிய நம் சென்னைப் பெண் ஹேமலதா 24 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம். இந்தியா மூன்று விக்கெட் இழப்புக்கு 325.

ஆட்டம் முடிந்துவிட்டது என்றே எனக்குப் பட்டது. முதல் போட்டியில் இதே தென்னாப்பிரிக்க அணி 122 ஓட்டங்களில் சுருண்டு, 143 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றிருந்தது. இன்றும் அவர்களுக்கு 67 ஓட்டங்களுக்குள் மூன்று விக்கெட்டுகள் போயின. அவற்றில் ஒன்று, சர்வதேச ஆட்டங்களில் அதுவரை ஒரு விக்கெட்டும் எடுத்திராத மந்தனா பந்துவீசி எடுத்த சூனே லூஸ். அந்தக் கணத்தில் எழுந்த கூச்சலில் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். கூட்ட நெரிசலைத் தவிர்க்கச் சற்று முன்னதாகவே கிளம்பிவிடலாமா என்று கேட்டேன். “இரு, அந்தப் பொண்ணு இன்னும் நிக்குதே” என்றார் அம்மா.

அந்தப் பெண் லாரா வோல்வார்ட், தென்னாப்பிரிக்காவின் கேப்டன். கவர் டிரைவ் அழகுக்காகவே உலகறிந்தவர். ஆனால் அம்மாவுக்கு கவர் டிரைவ் என்ற பெயர் தெரியாது. முப்பது ஆண்டுகள் தையல் வகுப்பு நடத்திய அவர் பார்த்தது வேறு: “பந்து வர்றப்ப தலை ஆடவே மாட்டேங்குது பாரு, ஊசில நூல் கோக்கிற மாதிரி.” அதன்பின் நானும் பந்தை விட்டுவிட்டுத் தலையையே பார்த்தேன். முன்காலை நீட்டி வைத்து, தலையை அதன் மேல் அப்படியே நிறுத்தி, கைகளை மட்டும் பந்தின் வழியில் போகவிடுகிறார். மட்டை மேலே போய் முடிந்த பிறகும் தலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வன்மை எங்கும் தெரியவில்லை, ஆனால் பந்து இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே புல்லை உரசிக்கொண்டு ஓடுகிறது. பெண்கள் ஆட்டத்தில் எல்லைக் கயிற்றை உள்ளே தள்ளிப் போடுகிறார்கள் என்று ஏளனமாகச் சொல்லும் நண்பர்களுக்கு நான் இந்த ஒரு அடியைத்தான் காட்டுவேன்.

ஓவர் இடைவேளை ஒன்றில், வோல்வார்ட் மருத்துவம் படிக்கக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுக் கிரிக்கெட்டுக்கு வந்தவர் என்று பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தேன். அம்மா மைதானத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “மெடிக்கல் சீட்டையா?” இரண்டு மதிப்பெண்களில் அந்த சீட்டைத் தவறவிட்ட என் அக்காவைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் மெல்லிய குரலில்தான் பேசுவார்கள். அதற்குப் பிறகு அம்மா எந்த அணியின் பக்கம் என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வோல்வார்டும் மரிசான் காப்பும் நான்காவது விக்கெட்டுக்கு 184 ஓட்டங்கள் சேர்த்தார்கள். காப் 94 பந்துகளில் 114 எடுத்து தீப்தி சர்மாவிடம் வீழ்ந்தார். பெண்கள் ஒருநாள் போட்டி ஒன்றில் நான்கு சதங்கள் அடிக்கப்பட்டது அதுவே முதல்முறை. கடைசி ஓவரில் வேண்டியது 11. பந்து இந்தியாவின் பூஜா வஸ்த்ராகர் கையில். ஆர்.சி.பி. கோஷங்கள் அடங்கி, பக்கத்து வரிசையில் ஒருவர் பாப்கார்ன் பொட்டலத்தைக் கசக்கும் ஓசை கேட்குமளவுக்கு எங்கள் பகுதி அமைதியானது. வஸ்த்ராகர் அடுத்தடுத்த பந்துகளில் இரண்டு விக்கெட்டுகளை எடுக்க, கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும் என்ற நிலைக்கு ஆட்டம் வந்து, அங்கேயே முடிந்தது. நான்கு ஓட்டங்களில் இந்தியாவுக்கு வெற்றி. தொடக்கத்தில் இறங்கிய வோல்வார்ட் 135 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் வெளியே நடந்துபோனார். எல்லோரும் எழுந்து ஆடிக்கொண்டிருக்க, அம்மா அமர்ந்தபடியே கைதட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது போட்டியையும் இந்தியாவே வென்றது. பிறகு இரு அணிகளும் சென்னைக்குப் போய் ஆடிய ஒரே டெஸ்டில் இந்தியாவின் ஷஃபாலி வர்மா 205, ஸ்னே ராணா ஒரே இன்னிங்ஸில் 77 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட், பத்து விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. அங்கும் வோல்வார்ட் 122 எடுத்தார். இத்தனை தூரம் வந்த அணிக்கு ஒரே ஒரு டெஸ்ட் என்பது எனக்குக் கஞ்சத்தனமாகவே படுகிறது.

உலகக் கோப்பை பெங்களூருக்கு வரும், மறுபடி அம்மாவை அழைத்துப் போகலாம் என்று இருந்தேன். 2025 ஜூனில் அதே அரங்கத்தின் வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள்; பிறகு இங்கு நடக்கவிருந்த ஆட்டங்கள் நவி மும்பைக்கு மாற்றப்பட்டன. ஆகவே நவம்பர் 2 அன்று இறுதிப் போட்டியை வீட்டிலேதான் பார்த்தோம். எதிரே அதே தென்னாப்பிரிக்கா. 299 என்ற இலக்கை நோக்கி அதே வோல்வார்ட் சதம் கடந்து நின்றுகொண்டிருந்தார். 101இல் அவர் தூக்கி அடித்த பந்தை அமன்ஜோத் கவுர் தட்டுத் தடுமாறிப் பிடித்தபோது தெருவே வெடித்தது. நானும் சோபாவிலிருந்து குதித்தேன். அம்மா மட்டும் கையிலிருந்த பூத்தொடுப்பை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவம், நம்ம டாக்டர் பொண்ணு” என்றார்.