மாவு புளிக்க ஏழு மாதம்

"சர்டிபிகேட் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் அடுப்பைப் பற்ற வைத்தால் போதும்" என்றார் கட்டடத்தின் சொந்தக்காரர். தோசைக்கடை போட இடம் தேடி வந்த நானும் அக்காவும் தலையாட்டிவிட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். 2023 பிப்ரவரி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அந்த மாதம் புழுக்கம் எப்படி இருக்கும் என்றால், மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்து எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

இடம் ரிவர்டவுன். நகர மையத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே, பழைய கிடங்குகளும் பட்டறைகளும் இருக்கிற நாலைந்து தெருக்கள். 2014இல் உலகக் கட்டடக் கலைஞர்கள் மாநாடு டர்பனில் நடந்த சமயத்தில் இந்தப் பக்கம் முதல் தடவையாகச் சுண்ணாம்பு பார்த்தது. அப்போதிலிருந்து காபிக் கடை, ஓவியக் கூடம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று ஒன்று வரும், ஒன்று மூடும். "முன்பு இங்கே ஒன்றுமே இல்லை" என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு எதிரே ஒரு டிங்கர் பட்டறை. அந்தத் தாத்தா இருபத்தைந்து வருடமாக அங்கே கார் கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அவர் காதில் விழுகிற மாதிரியே இதைச் சொல்வார்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. வீட்டுக்காரர் வேலைக்காக இங்கே வந்து ஒன்பது வருடம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, கடைக் கூட்டாளி. டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நாலாம் தலைமுறை. தமிழ் அவருக்குக் கோயிலோடும் சமையலறையோடும் நின்றுவிட்டது. ஆயா, அண்ணி, ரசம், கூழ் என்று அந்த வட்டத்துக்குள் மட்டும் சரளமாக வரும். மற்றதெல்லாம் ஆங்கிலம், கோபம் வந்தால் ஜூலு. முதலீட்டில் பாதி அவருடையது, தோசை என்னுடையது.

கம்பெனிப் பதிவு ஒரு தொல்லையும் இல்லை. இணையத்தில் பெயருக்கு 50 ராண்டு, பதிவுக்கு 125 ராண்டு, முடிந்தது. இவ்வளவு சுலபமா என்று அன்றைக்கு ஒரு கேக் வேறு வெட்டினோம்.

அப்புறம்தான் கட்டடக்காரர் சொன்ன அந்தச் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தோம். இந்த நாட்டில் சாப்பாட்டுக் கடை எதுவாக இருந்தாலும் சுகாதாரத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2018 ஜூனில் வந்த ஆர்638 என்ற விதியில் இது இருக்கிறது. சான்றிதழ் ஓர் இடத்துக்கும் அந்த இடத்துக்குப் பொறுப்பான ஆளுக்கும் சேர்த்துக் கொடுப்பது. ஆள் மாறினாலும் செல்லாது, இடம் மாறினாலும் செல்லாது. சுவரில் தொங்கியது எங்களுக்கு முன்னால் இருந்த காபிக் கடைக்காரரின் காகிதம். சட்டம் போட்டு மாட்டியிருந்ததால் பார்க்க மட்டும் அழகாக இருந்தது. கட்டடக்காரரைக் கேட்டால், "பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே" என்றார். வாடகை மீட்டர் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சாப்பாடு விற்க இன்னொரு உரிமமும் வேண்டும், 1991 வணிகச் சட்டத்தின் கீழே. ஒரே விண்ணப்பம்தான். ஆனால் அது சுகாதாரம், தீயணைப்பு, கட்டடத் திட்டம் என்று மூன்று மேஜைக்குப் போகிறது. ஒரு மேஜை மற்ற மேஜையின் பதிலுக்குக் காத்திருக்கும். கேஸ் இணைப்புக்குப் பதிவு பெற்ற ஆள் கொடுக்கும் சான்று தனி, மின்சாரத்துக்குத் தனி. இதையெல்லாம் ஒரு நீல ஃபைலில் போட்டு வைத்தோம். ஃபைல் கனக்கக் கனக்க அக்காவின் ஜூலு வளமாகிக்கொண்டே போனது.

புகைபோக்கிதான் எங்களை இரண்டு மாதம் தின்றது. தோசைக்கல் புகை கூரைக்கு மேலே போகவேண்டும். கூரையில் ஓட்டை போடலாம் என்று ஆளைக் கூட்டிவந்தால், அவர் செங்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டடத்துக்கு அறுபது வயதுக்கு மேலே ஆகிறது, கைவைக்க முடியாது" என்றார். அவர் சொன்னது சரி. 1999 மரபுச் சட்டப்படி அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தின் எந்தப் பகுதியை மாற்றுவதாக இருந்தாலும் அனுமதி வேண்டும். எங்கள் மாகாணமான குவாசுலு-நேட்டாலில் அதைப் பார்ப்பது அமாஃபா என்ற மரபு அமைப்பு. அதற்கு வரைபடம், புகைப்படம், கட்டணம், காத்திருப்பு. கடைசியில் பழைய வரைபடத்தைப் புரட்டியபோது பின்பக்கத் தகரக் கொட்டகை பிற்பாடு ஒட்டவைத்தது என்று தெரிந்தது. அடுப்பைத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டு போனோம், தகரத்தில் ஓட்டை போட்டோம், வேலை முடிந்தது. அந்த வரைபடத்தை முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால் இரண்டு மாத வாடகை மிஞ்சியிருக்கும்.

சுகாதார ஆய்வாளர் வந்த நாளைத்தான் நான் மறக்க மாட்டேன்.

முந்தின நாள் கிரைண்டரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அரிசியும் உளுந்தும் போட்டிருந்தேன். பாதி அரைக்கும்போது லோட் ஷெடிங் வந்து இரண்டு மணி நேரம் மின்சாரம் போனது. கல்லுக்கு நடுவே மாவு சிமெண்ட் மாதிரி நின்றது. வந்ததும் மறுபடி ஓட்டி, இருபது லிட்டர் பக்கெட்டில் ஊற்றி, உப்பு போட்டுக் கையால் கலக்கி மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பக்கெட்டில் முக்கால்வாசி ஊற்றினேன். ஊரில் பாதிதான் ஊற்றுவோம். டர்பன் புழுக்கத்தில் உளுந்து என்ன ஆட்டம் போடும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் உள்ளே வருகிறார். பக்கெட் மூடி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. மாவு வழிந்து, தரையில் ஒரு வெள்ளை நாக்கு மாதிரி சிங்க் வரைக்கும் நீண்டிருக்கிறது. மேலே குமிழி ஒவ்வொன்றாக உடைகிறது. அவர் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், நிமிர்ந்தார்.

"இது எவ்வளவு நேரமாக வெளியே இருக்கிறது?"

"பதினாலு மணி நேரம்" என்றேன். பெருமையாகச் சொன்னேன் என்பதுதான் கொடுமை.

அவர் எழுத ஆரம்பித்தார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேலே, கெட்டுப்போகிற பொருள் குளிரில், நடுவே எதையும் வைக்கக்கூடாது என்பது அவர் படித்த படிப்பு. என்னுடைய மாவு அந்த நடுவிலேயே விடிய விடியக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. நொதித்தல், நல்ல பாக்டீரியா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னேன். பாக்டீரியா என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் பேனா இன்னும் வேகமாக ஓடியது.

அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "பூத்தி, உங்கள் வீட்டில் இன்க்வான்க்வா செய்வார்களா?"

பேனா நின்றது. பூத்தி என்றால் ஜூலுவில் சகோதரன். இன்க்வான்க்வா ஜூலு வீட்டுப் புளித்த கஞ்சி. மக்காச்சோள மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது. அக்கா விடவில்லை. எங்கள் மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவோமே, போரிட்ஜ் பிரேயர், அதுவும் இதுதான், இந்தப் பக்கெட்டும் அதுதான், நாங்கள் கல்லில் ஊற்றுகிறோம், நீங்கள் பானையில் காய்ச்சுகிறீர்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினார். ஆய்வாளர் மறுபடி முகர்ந்தார். இந்தத் தடவை வேறு மாதிரி முகர்ந்தார்.

அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். தெருக்கோடியில் இருக்கும், நகராட்சி பியர் விற்ற பழைய பியர் ஹாலைக் காட்டினார். 1908இல் ஒரு சட்டம் வந்து, டர்பனில் சோளப் பியர் காய்ச்சவும் விற்கவும் நகராட்சிக்கு மட்டும்தான் உரிமை என்று ஆனது. வீட்டில் காய்ச்சிய பெண்களைப் போலீஸ் பிடித்தது, பானைகளை உடைத்தது. 1959இல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பெண்கள் பியர் ஹாலுக்குள் புகுந்து அடித்து நொறுக்கியதும் இதனால்தான். "என் பாட்டி புளிக்க வைத்ததற்குப் போலீஸ் வந்தது. நீங்கள் புளிக்க வைத்ததற்கு நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அக்கா சிரித்ததும் நானும் சிரித்தேன்.

சிரித்ததற்காக விட்டுவிடவில்லை. மாவு செய்முறையை எழுத்தில் கேட்டார். ஊறவைக்கிற நேரம், அரைக்கிற நேரம், புளிக்கிற நேரம், எந்தப் பாத்திரம், யார் பொறுப்பு, எல்லாம். தினமும் காலையில் புளிப்பை அளக்கும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். எண் குறைந்தால் புளிப்பு கூடியிருக்கிறது என்று அர்த்தம். 4.6க்குக் கீழே வந்ததும் உடனே குளிர்பெட்டிக்குள் போகவேண்டும். முதல் நாள் நான் குறித்தது 4.4. பாட்டி நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னதை இப்போது தாள் நிறம் மாறிச் சொல்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த நோட்டு இல்லாமல் இன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. ஜூலை மாதக் குளிரில் மாவு சோம்பிப் படுத்த நாட்களில், நோட்டைப் பார்த்துத்தான் இரண்டு மணி நேரம் முன்னதாக அரைக்க ஆரம்பித்தேன்.

கை கழுவ மட்டும் தனி சிங்க், எண்ணெய் வடிகட்டும் கிரீஸ் டிராப், கதவடியில் எலி புகாத தகடு, எனக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி, இவையெல்லாம் பட்டியல்படி வந்து போயின. அவற்றில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, பணத்தைத் தவிர.

செப்டம்பரில் சான்றிதழ் கைக்கு வந்தது. வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி, பிள்ளையார் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினோம். முதல் நாள் வந்தவர் எதிர்ப்பட்டறைத் தாத்தா. வந்ததும் "குவார்ட்டர் பன்னி, பீன்ஸ்" என்றார். தோசைக்கடையில் கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரச் சொல்கிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்கா பேசாமல் ஒரு மசால் தோசையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். நடந்துகொண்டே தின்றார். மறுநாளும் வந்து அதே பன்னியைக் கேட்டார், அதே தோசையை வாங்கிப் போனார். பிறகு சனிக்கிழமைகளில் மட்டும் பீன்ஸ் பன்னியும் போட ஆரம்பித்தோம். என்ன செய்வது, டர்பன்.

போன மாதம் பக்கத்துக் கதவில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், பர்கர் கடையாம். சுவரில் பழைய ஆளின் சான்றிதழ் தொங்குகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். "கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டேன். இன்னும் இல்லையாம், நாளைக்குத்தானாம். அக்கா நீல ஃபைலை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். நான் கல்லைக் காயவைத்தேன்.