லாமுவில் ஒற்றைப் பாய்

கென்யாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கம் பார்க்கப் போவார்கள். நான் போனது ‘டௌ’ என்னும் பாய்மரப் படகு பார்க்க. அதற்கு லாமு தீவுதான் சரியான இடம். விமான நிலையம் எதிரே மாண்டா தீவில் இருக்கிறது. அங்கிருந்து படகு ஏறித்தான் ஊருக்கே வர முடியும். 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரம், குறுகிய சந்துகள், சந்துக்குச் சந்து கழுதைகள். இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் படகுத்துறைக்கு வந்துவிடுகிறேன்.

முதல் நாள் மாலை ஏறிய படகில், பாதி வழியிலேயே பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். கொடுத்த காசு தண்டம். மறுநாள் வேறொரு நஹோதாவைப் பிடித்தேன். அங்கே படகுத் தலைவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். “மோட்டாரைத் தொடவே கூடாது” என்று பேசிக்கொண்டுதான் ஏறினேன். “அப்படியென்றால் நேரமாகுமே” என்று சிரித்தார். ஆகட்டும் என்றேன்.

படகில் இருப்பது ஒரே ஒரு குட்டையான பாய்மரம், அதுவும் முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து பருமல், அதாவது பாயைக் கட்டும் நீளக் கழி, சரிவாகத் தொங்குகிறது. கிட்டத்தட்ட படகின் நீளம் இருக்கும். ஒரே கழி அல்ல, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கயிற்றால் வரிந்தது. அதில் முக்கோணமாக ஒட்டுப்போட்ட பருத்திக் கித்தான். பருமலை மேலே ஏற்றிய கயிற்றையே பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மரத்துக்குத் தாங்கலும் அதுதான். இவ்வளவுதான் சாமான். பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். திருப்பும்போதுதான் விஷயம் தெரியும்.

அது ஆகஸ்ட் மாதம். தெற்கிலிருந்து வீசும் ‘கூசி’ காற்றின் காலம். நாங்கள் போக வேண்டிய ஷேலா கிராமம் லாமு ஊருக்குத் தென்கிழக்கே இருப்பதால் எதிர்க்காற்று. குறுகலான கால்வாயில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நஹோதா படகின் முதுகைக் காற்றுக்குக் காட்டுகிறார். பாயை இழுத்துப் பிடித்திருந்த தாமான் கயிற்றை அவிழ்த்ததும், பாய் மரத்துக்கு முன்னால் கொடி போலப் பறக்கிறது. உடனே ஒரு பையன் பருமலின் அடிமுனையை மரத்தோடு ஒட்டி இழுத்துச் செங்குத்தாக நிறுத்துகிறான். இன்னொருவன் தாமானைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்துக்கு முன்னால் சுற்றி மறுபக்கம் ஓடுகிறான். மரம் முன்சாய்வாக இருப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது: பருமல் மரத்தில் உரசாமல் முன்பக்கமாகத் திரும்ப இடம் வேண்டுமே! பக்கவாட்டுக் கயிறுகளையும் அவிழ்த்து, காற்று வரும் புதிய பக்கத்தில் கட்டுகிறார்கள். அப்புறம் தாமானை இழுத்தால் பாய் ‘பட்’டென்று விறைத்துக்கொள்கிறது.

காற்று பலத்ததும் படகின் குறுக்கே ஒரு பலகையை நீட்டினார்கள். இரண்டு பேர் அதன் நுனிவரை நகர்ந்து, கடலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டார்கள், எதிர்எடைக்காக. என்னையும் கூப்பிட்டார்கள். கேமராவைக் காரணம் காட்டித் தப்பித்துவிட்டேன்.

இந்தக் கரையின் வியாபாரமே ஒரு காலத்தில் காற்றைப் பார்த்துத்தான் நடந்தது. ‘கஸ்காசி’ என்னும் வடகிழக்குக் காற்றில் அரேபியாவிலிருந்து பேரீச்சையோடு வந்த கப்பல்கள், கூசி தொடங்கியதும் அலையாத்தி மரக்கழிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும். மரம் அதிகமில்லாத வளைகுடாப் பகுதியில் வீட்டுக் கூரைகளைத் தாங்கியவை அந்தக் கழிகள்தான்.

லாமு அருங்காட்சியகத்தில் ‘ம்டேப்பே’ படகின் மாதிரி இருக்கிறது. ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது, நம் சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகும் அதே வகை. ஆனால் ம்டேப்பேயின் பாய் ஓலையில் பின்னிய சதுரப் பாய். அசல் படகு இப்போது ஒன்றுகூட ஓடவில்லை. டௌ படகு கட்டுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தீவின் மேற்குப் பக்கம் மட்டொண்டொனி கிராமத்துக்குப் போகலாம். கழுதையைவிடப் படகில் போவது சுகம். மோட்டார் பேச்சை மட்டும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.