குமுளி மலைப்பாதைய ஒன்வேன்னு மாத்துறதுக்கு முன்னாடி

கார்த்திகை பொறக்கப் போகுது, இனிமே தை வரைக்கும் எங்க கம்பம் பக்கம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (யார் வேணாலும் திருத்தக்கூடிய இலவச மேப்) எடிட்டு எகிறும், அதான் இப்பவே எழுதி வச்சிடுறேன். ஐயப்ப சீசன்ல கூட்டம் ஜாஸ்தியானா போலீஸ் ஒன்வே ஆக்கிடுவாங்கல்ல, சபரிமலைக்குப் போற வண்டியெல்லாம் கம்பம்மெட்டு ஏறி கட்டப்பனை, குட்டிக்கானம்னு போகணும், திரும்புறவங்க குமுளி வழியா லோயர் கேம்ப் இறங்கணும். நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். வெளியூர்ல இருந்து மேப்ப நம்பி வர்றவங்களுக்குத் தெரியாது, பாவம் அவங்களுக்கு உதவுமேன்னு யாராவது ஒரு தம்பி குமுளி மலைப்பாதைய மேப்ல ஒன்வேன்னு மாத்திடுவாரு.

மாத்துனா அது நேரா மேப்ல ஏறிடும். யாரும் பாத்து ஓகே பண்ணணும்னு கிடையாது, 2004ல ஆரம்பிச்சதுல இருந்து அப்படித்தான், அதுதான் இந்த மேப்போட பலமும். ஆனா அதுக்கப்புறம் லோயர் கேம்ப்ல நின்னு குமுளிக்கு வழி கேட்டா, கண்ணு முன்னாடி இருக்குற மலைய விட்டுட்டு கம்பத்துக்குத் திரும்பிப் போய் மெட்டு ஏறுன்னு சொல்லும். ஐயப்ப வண்டிக்கு மட்டும் இல்ல, குமுளிக்கு மிளகு வாங்கப் போறவருக்கும் அதேதான், கூட்டமே இல்லாத நாள்லயும் அதேதான். வேஸ்னு ஒரு வழிகாட்டி ஆப் இருக்கு, அதுல ரோடு மூடுறதுக்கு தேதி, நேரம் போட்டு வைக்கலாம், முடிஞ்சதும் தானா தொறந்துக்கும். இங்க கதை வேற, சும்மா ஒன்வேன்னு போட்டா யாராவது திருத்துற வரைக்கும் அப்படியே கிடக்கும். மலையில சிக்னல் சரியா இருக்காதுன்னு ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ்னு இந்த மேப்ப வச்சு ஓடுற ஆப்ல நெறைய பேரு மேப்ப டவுன்லோட் பண்ணி வச்சிக்கிறாங்க, டிசம்பர்ல இறக்குனத சித்திரை வரைக்கும் அப்டேட் பண்ணாம வச்சிருந்தா, நாம தை மாசமே திருத்தியிருந்தாலும் அவங்க போன்ல அது ஒன்வேயாவே கிடக்கும்.

சரி, அப்ப ரிவர்ட் அடிச்சு பழையபடி ஆக்கிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா மொத எடிட்டயே ஒருத்தர் வந்து தூக்கிட்டா அந்தத் தம்பி திரும்பி வரவே மாட்டாரு. போன சீசன்ல இப்படி ஒண்ணு வந்தப்ப அந்த எடிட்டோட பதிவுக்கு (சேஞ்ச்செட்) கீழ, "தம்பி, போர்டு எங்க பாத்தீங்க? எல்லா வண்டிக்குமா, ஐயப்ப வண்டிக்கு மட்டுமா?"ன்னு கேட்டேன். "அண்ணா, கம்பத்துல பேரிகார்டு வச்சு திருப்பி விடுறாங்க, நானே பாத்தேன், ஆனா ஊர் வண்டியப் பத்தி விசாரிக்கல"ன்னு பதில் வந்துச்சு. அவர் பாத்தது நூத்துக்கு நூறு உண்மை, மேப்ல நெரந்தரமா ஏத்துற விஷயம் இல்ல, அவ்ளோதான். ஆஃப்லைன் மேப் சங்கதிய சொன்னதும் அவரே எடுத்துட்டாரு, இப்ப கூடலூர்ப் பக்கம் வர்ற எடிட்ட எல்லாம் என்னைய விட வேகமா பாக்குறது அவர்தான்.

இன்னொண்ணு, எனக்கு இதுலதான் கவலை அதிகம், ஏலத்தோட்ட ரோடு. கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் வண்டன்மேடு வரைக்கும் சாட்டிலைட் படத்துல பாத்தா எல்லாம் மரம்தான், நடுவுல ரோடு துண்டு துண்டாத் தெரியும். வீட்ல உக்காந்து எடிட் பண்றவர் துண்ட எல்லாம் சேர்த்து சாதாரண ஊர் ரோடுன்னு போட்டுடுவாரு, கிட்டத்து வழின்னு ஆப்பும் கார அதுல விட்டுடும். அங்க போய்ப் பாத்தா கல்லு பாவுன ஜீப் ரோடு, எஸ்டேட் கேட்டு, குறுக்க சங்கிலி, பக்கத்துல கார திருப்ப எடம் இருக்காது. தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டா எந்த கேட்டு யாருக்குத் தொறக்கும்னு வரிசையா சொல்லுவாரு. அதுக்காக ரோட அழிச்சிடாதீங்க, அழிச்சா படத்தப் பாத்து இன்னொருத்தர் திரும்ப வரைவாரு. ரோட ட்ராக்னு (தோட்டப் பாதை) மாத்தி, கேட்டு இருக்குற எடத்துல ஒரு புள்ளி வச்சு, அதுல ப்ரைவேட்னு குறிச்சா ஆப் காட்டுற வழி தானா சுத்திப் போயிடும்.

அதனால இந்த சீசன்ல ஒன்வேயத் தொடாம, பாத்தத மேப்ல ஒரு நோட்டா (ரோட மாத்தாம எழுதி வைக்கிற குறிப்பு) போட்டு விடுங்க, எங்க, எப்ப, எந்த வண்டிய திருப்பி விட்டாங்கன்னு எழுதுனா போதும், நாங்க பாத்துக்குறோம். வண்டன்மேடு, புளியன்மலை பக்கம் இருக்குறவங்க யாராவது இதப் படிச்சா, உங்க தோட்டத்து கேட்டு எங்கெங்க இருக்குன்னு மட்டும் குறிச்சுக் கொடுங்க, கீழ இருந்து பாக்குற எங்களுக்கு அது தெரியாது.