புளித்த மாவோடு மத்தேயு 13:33: செய்து பார்த்த குறிப்புகள்

ஒரு பெண் புளித்த மாவை எடுத்து மூன்றுபடி மாவில் அடக்கி வைக்கிறாள். இயேசு சொன்ன இந்த உவமையைக் கையால் செய்துகொண்டே தியானிக்கலாம் என்று தொடங்கியது இது. அந்தக் காலத்தில் ஈஸ்ட் பாக்கெட் ஏது? முன்பு பிசைந்த மாவில் கொஞ்சம் எடுத்து வைத்துத்தான் அடுத்ததைப் புளிக்க வைத்தார்கள். ஆகவே ஸ்டார்ட்டரிலிருந்தே, அதாவது ரொட்டியைப் புளிக்க வைக்கும் தாய் மாவிலிருந்தே ஆரம்பம்.

கண்ணாடி ஜாடியில் 50 கிராம் முழுக்கோதுமை மாவு, 50 கிராம் தண்ணீர். குளோரின் வாடை வந்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற விடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். எவ்வளவு உப்புகிறது என்று தெரிய, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட். மறுநாள் முதல் தினமும் 50 கிராமை மட்டும் வைத்துக்கொண்டு, புதிதாக 50 மாவு, 50 தண்ணீர் சேர்க்க வேண்டும். இதைத்தான் ஊட்டுவது என்கிறோம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் நன்றாகப் பொங்கும், நாற்றமும் அடிக்கும். அது ஈஸ்டின் வேலை இல்லை, மாவிலுள்ள வேறு பாக்டீரியாக்களின் வேலை. நான்காம் நாள் வாக்கில் எல்லாம் அடங்கிவிடும். கெட்டுப்போனது என்று பலர் கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டாதீர்கள். புளிப்பு ஏற ஏற அந்தப் பாக்டீரியாக்கள் ஒடுங்கி, ஈஸ்டும், தயிரைப் புளிக்க வைப்பது போன்ற லாக்டிக் பாக்டீரியாவும் பெருகுகின்றன. பூஞ்சையோ இளஞ்சிவப்புக் கோடுகளோ தெரிந்தால் மட்டும் தூக்கி எறிய வேண்டும்.

மத்தேயுவின் இதே 13-ஆம் அதிகாரத்தில், 20, 21-ஆம் வசனங்களில், வசனத்தைச் சந்தோஷத்தோடு உடனே ஏற்றுக்கொண்டு வேரில்லாமல் போகிறவனைப் பற்றி வருகிறது. மாவு முதலில் பொங்கி அடங்குவதைப் பார்த்த பிறகு அந்தப் பகுதியை வாசித்தால் மனதில் ஆழமாக இறங்குகிறது. ஜெபித்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று கலங்கும் சகோதரிகள் நான்காம், ஐந்தாம் நாள் ஜாடியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஊட்டிய 4 முதல் 6 மணி நேரத்தில் இரட்டிப்பானால் ஸ்டார்ட்டர் தயார். பெரும்பாலும் 7 முதல் 14 நாள் ஆகும். அதன்பின் ரொட்டிக்கு 500 கிராம் மாவு, 350 தண்ணீர், 100 ஸ்டார்ட்டர், 10 உப்பு. அரை மணிக்கு ஒருமுறை, நான்கு தடவை மடித்துவிட்டுச் சும்மா விடுவது. கடிகாரத்தை நம்பினால் ஏமாற்றம்தான்: 24 டிகிரியில் 5, 6 மணி நேரம் எடுப்பது 30 டிகிரியில் 3, 4 மணியிலேயே முடியும். ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் உப்பியதா என்று பாருங்கள். அவசரப்பட்டால் உள்ளே பிசுபிசுப்பு, தாமதித்தால் தட்டையாகச் சரியும். வடிவம் கொடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம். 230 டிகிரியில் மூடிய பாத்திரத்தில் 20 நிமிடம், திறந்து 20 முதல் 25 நிமிடம்.

உவமையில் வரும் மூன்றுபடி (நம் ஊர்ப் படி அல்ல) ஏறத்தாழ 39 லிட்டர். எடையில் 20 கிலோ வரும்! ஆதியாகமம் 18:6-இல் சாராளும் இதே அளவைத்தான் பிசைகிறாள். அரைக் கிலோ பிசைந்தாலே தோள் வலிக்கிறது. அந்தப் பெண்ணின் உழைப்பு அப்போதுதான் புரிகிறது. ஆனாலும் பிசைவது மட்டுமே அவள் கையில் இருந்தது, புளிப்பது இல்லை.

செய்யும்போது தோன்றுவதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 1 கொரிந்தியர் 5:6-இல் பவுல் புளித்த மாவைத் தீமைக்கு ஒப்பிடுவதையும் தவிர்க்காமல் எழுதுங்கள். நோட்டில் இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் வசனம். ஒன்றும் தோன்றாத நாளில் வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். இழுத்துப் பொருத்திய பாடம் யாருக்கும் உதவுவதில்லை. 20 கிராம் ஸ்டார்ட்டரைக் குளிரில் வைத்து வாரம் ஒருமுறை ஊட்டினால், அடுத்த சகோதரிக்கும் பகிர்ந்து கொடுக்கலாம்.