பழைய காருக்கு ரொக்க விலை போட்டுப் பார்த்தேன்

ஏழு வயதான என் காரை விற்க முடிவு செய்ததும், மாடலையும் ஆண்டையும் ஓடிய கிலோமீட்டரையும் கொடுத்தால் விலை சொல்லும் தளங்களைத்தான் முதலில் பார்த்தேன். ஆளுக்கொரு விலை சொன்னார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று துருவியதில் விஷயம் பிடிபட்டது. ஒன்று, டீலர் நம்மிடம் வாங்கும் விலை. இன்னொன்று, நாமே ஒருவருக்கு நேரடியாக விற்கும் விலை. மூன்றாவது, டீலர் அதே வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கும் விலை. எந்த விலை என்று சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் காட்டினால் குழப்பம்தான். எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது: நேரடியாக விற்றால் இன்றைக்குக் கைக்கு எவ்வளவு வரும்?

அதற்கு விளம்பரங்களில் இறங்கினேன். அதே மாடல், அதே வேரியன்ட், அதே எரிபொருள், அதே கியர் வகை, ஆண்டில் ஒன்று முன்னே பின்னே. இப்படி வடிகட்டியதில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் தேறின. அவற்றின் சராசரியை எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கக் கூடாது. நியாய விலை வண்டி சீக்கிரம் விற்றுப் பட்டியலை விட்டுப் போய்விடும், அதிக விலை கேட்பது அங்கேயே கிடக்கும். ஆக, எந்த நாளில் பார்த்தாலும் பட்டியலில் விற்காத வண்டிகளின் கூட்டமே அதிகம். சராசரி போட்டால் யாரும் கொடுக்காத விலையின் சராசரிதான் வரும். அதனால் விளம்பரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, எது சீக்கிரம் காணாமல் போகிறது, எது விலையைக் குறைத்துக் குறைத்துத் திரும்ப வருகிறது என்று சில வாரம் கவனித்தேன். சீக்கிரம் போனவை ஏறக்குறைய ஒரே விலையில் இருந்தன. அவற்றின் நடுவிலையை 100 என்று வைத்துக்கொண்டு கணக்கை ஆரம்பித்தேன்; இனி நான் கூட்டுவதும் கழிப்பதும் ரூபாய் இல்லை, இந்த 100-இல் இத்தனை பங்கு.

அடுத்தது கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு கழிப்பது என்று ஆளாளுக்கு ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். நான் அதே பட்டியலிலேயே பதில் தேடினேன். மற்ற எல்லாம் ஒத்துப்போய், ஓடிய தூரம் மட்டும் வேறுபடும் இரண்டு வண்டிகளை எடுத்து, விலை வித்தியாசத்தைத் தூர வித்தியாசத்தால் வகுத்தேன். இப்படிச் சில ஜோடிகள் பார்த்தால் அந்த மாடலுக்கான விகிதம் ஓரளவு தெரிந்துவிடும். என் வண்டி சற்று அதிகம் ஓடியது, 4 கழித்தேன். குறைவாக ஓடியிருந்தால் உடனே கூட்டிக்கொள்ளவும் கூடாது. நெடுநாள் நின்ற வண்டியில் பேட்டரி படுத்திருக்கும், டயரும் ரப்பர் பாகங்களும் ஓடாமலேயே இறுகியிருக்கும்.

அப்புறம், வாங்க வருபவரின் கண்ணோடு வண்டியைப் பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். சொந்த வண்டியை நாமே பார்த்தால் குறை கண்ணில் படாது. அவர் நேரே டயரிடம் போனார். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் தயாரான வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். அதிகம் தேயாமல் இருந்தாலும் வயதான டயருக்கு வாங்குபவர் விலை தர மாட்டார். பிறகு பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியை ஒவ்வொரு பகுதியிலும் வைத்தார். கம்பெனி பெயிண்ட் என்றால் பெரும்பாலும் 100 மைக்ரானை ஒட்டி இருக்கும். என் இடது பின்கதவு அதைப் போல மூன்று மடங்கு காட்டியது. எப்போதோ உரசலுக்கு டிங்கரிங் பார்த்த கதவு, எனக்கே மறந்துபோயிருந்தது. கருவிக்கு மறக்கவில்லை. கடைசியாக, வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி எஞ்சினில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று உறுதி செய்தார். டயருக்கு 4, கதவுக்கு 3 கழித்தேன். சர்வீஸ் பில்கள் முழுதும் கோப்பில் இருந்ததற்கு 2 கூட்டினேன்.

போன வருடம் போட்ட மியூசிக் சிஸ்டம், சீட் கவர் இவற்றுக்கு எதுவும் கூட்டவில்லை. மனசு கேட்கவில்லைதான். ஆனால் நாம் செலவழித்தது நம் ரசனைக்கு, வாங்குபவர் அதற்குப் பணம் தர வேண்டிய அவசியம் இல்லை. கிளட்ச் மாற்றிய செலவும் அப்படித்தான். நல்ல கிளட்ச் உள்ள வண்டிக்குத்தான் அந்த 100, அது விலையைக் கூட்டாது, குறையாமல் காப்பாற்றும். புதுக் கீறல்களைச் சரிசெய்து விற்கலாமா என்று கேட்டதற்கு மெக்கானிக் வேண்டாம் என்றார். விற்கும் நேரத்துப் புதுப் பெயிண்ட், எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் கிளப்புமாம்.

ஆக 91 நின்றது. விளம்பரத்தில் கேட்கும் விலைக்கும் கையில் வாங்கும் விலைக்கும் நடுவே பேரம் இருக்கிறதே, அதற்கு 6 கழித்து 85 என்று முடித்தேன்.

டீலர்களிடமும் கேட்டேன். 72-க்கும் 76-க்கும் நடுவே சொன்னார்கள். அது கொள்ளை இல்லை. வண்டியைச் சரிசெய்யும் செலவு, விற்கும்வரை முடங்கும் பணம், லாபம் எல்லாம் அந்த இடைவெளியில் அடக்கம். ஒருவர் மட்டும் புதுக் கார் எடுத்தால் பழையதற்கு 88 தருவதாகச் சொன்னார். புதுக் காருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று தனியாகக் கேட்டேன். பழைய வண்டியைக் கொடுக்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி எனக்கு இல்லை. அதைக் கழித்தால் அவருடைய 88-உம் 75-தான்.

91 என்று விளம்பரம் போட்டேன். வந்தவர்களில் ஒருவர் சொந்த மெக்கானிக்கோடு வந்து, டயரையும் கதவையும் காட்டி 80 என்றார். இரண்டையும் ஏற்கெனவே கழித்துத்தான் விலை போட்டிருக்கிறேன் என்று கணக்குத் தாளை நீட்டினேன். அவருடைய மெக்கானிக்தான் அதை அதிக நேரம் படித்தார். 84-க்கு முடிந்தது. பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுப் பெயர் மாற்றத் தாள்களில் கையெழுத்துப் போட்டேன். சீட் கவர் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று வாங்கியவர் அப்போதுதான் சொன்னார்.