மஸ்கெலியாவில் கரடி இல்லை

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி மஸ்கெலியா பஸ்ஸில் உட்கார்ந்ததும் கனடாவிலிருந்து வந்த மாமா மகன் கேட்ட முதல் கேள்வி, "மச்சான், இந்த மலையில கரடி இருக்கா?"

இல்லை. நம் இலங்கைக் கரடிக்கு வறண்ட காடுதான் ஊர்: யால, வில்பத்து, வஸ்கமுவ. குளிரும் தேயிலையும் அதற்கு ஆகாது. அவன் முகம் வாடிவிட்டது. ஒன்டாரியோவில் அவன் லைசன்ஸ் எடுத்து வில்லால் கருங்கரடி வேட்டையாடுகிறவன். மரத்தில் பலகை கட்டி ஏறி, கரடி இருபது மீட்டருக்குள் வந்து பக்கவாட்டில் திரும்பும்வரை மூச்சுக்கூட விடாமல் இருப்பானாம். அம்பு பட்ட கரடி ரத்தம் போய்த்தான் சாகும், அதனால் அரை மணி நேரமாவது பொறுத்துத்தான் இறங்கித் தேடுவானாம். உடனே பின்னால் போனால் காயம்பட்டது இன்னும் தூரம் ஓடிவிடும், இல்லாவிட்டால் புதருக்குள் அதன் முகத்திலேயே போய் முட்ட வேண்டியதுதான். எனக்கு இந்த வேட்டையில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரக் கதையை அவன் சொன்னபோது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் கடந்து போனதையே நான் கவனிக்கவில்லை.

தோட்டத்துக்கு நடக்கும்போது இருட்டிவிட்டது. கூட்டிப்போக அம்மா டோர்ச்சோடு வந்திருந்தார், முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பும் வளைவில் சட்டென்று நின்றார். தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கல்லின் மேல் புலி. சிறுத்தையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பதினைந்து அடி இருக்கும்.

"ஓடாதீங்க. குனியாதீங்க. அதுக்கு வழிய விடுங்க."

மூன்று பேரும் ஒட்டி நின்றபடி, முதுகைக் காட்டாமல், அடிமேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்தோம். என் கால் நடுங்கியது. அது எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் தேயிலைக்குள் இறங்கியது. படம் எடுக்க மச்சான் ஓரடி முன்னே வைத்தான். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். "குட்டி பக்கத்துல இருந்தா என்ன செய்வ? அங்க கரடிய இப்படித்தான் பார்ப்பியா?"

"இல்ல அத்தை. கிட்டத்துல பார்த்தா அங்கயும் இதேதான். ஓடக்கூடாது, மெதுவா பின்வாங்கணும்."

குனிந்து கொழுந்து பறிக்கும்போது திடீரென்று எதிர்ப்பட்டால்தான் ஆபத்து, அதனால் புதுத் தேயிலை மலைக்குள் இறங்குமுன் பெண்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே போவார்கள் என்றார் அம்மா. கரடிக்காட்டில் நடக்கும்போது அவனும் கைதட்டிக்கொண்டே போவானாம்.

மறுநாள் காலை கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மரக்கறிப் பாத்திப் பக்கம் போனோம். வேலியோரம் பிரேக் கம்பியில் ஒரு சுருக்கு. காட்டுப்பன்றிக்கு வைத்ததுதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியதும் இப்படி ஒரு கம்பியில்தான். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது.

மச்சான் குந்தி உட்கார்ந்து சுருக்கை விரலால் இழுத்துப் பார்த்தான். "நான் அம்பு விடுறதுக்கு முன்னாடி அது குட்டியோட நிக்கிற தாயான்னு பார்ப்பேன் மச்சான். இதுக்குக் கண்ணே இல்லயே."

அம்மா கவ்வாத்துக் கத்தியால் கம்பி கட்டியிருந்த முளையை வெட்டிச் சாய்த்துவிட்டு, கம்பியைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டார். பாத்தி யாருடையது என்று அவருக்குத் தெரியும். போன மாதம் அந்த வீட்டு உருளைக்கிழங்கு முழுவதையும் பன்றி கிளறிவிட்டதும் தெரியும். பேர் கேட்டேன், சொல்லவில்லை.