மிதவைக்குப் பத்து பிட் போதும்

பாசி வளர்க்கும் மிதவைகளில் கட்டிவிட ஒரு சிறு கருவி. தண்ணீரின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் பேட்டரியில் ஓடியபடி அளக்க வேண்டும். அதற்கான சிப்பில் 16 பிட் சிக்மா-டெல்டா வகை ஏடிசி (சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று) என்று அலுவலகத்தில் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. மெதுவாக மாறும் சிக்னல்தானே, துல்லியம் சும்மா கிடைக்கிறதே என்று வாதம்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் பாசி கட்டும் ஓர் அக்காவிடம், எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று கேட்டேன். "தண்ணி சூடேறுதான்னு முன்னாடியே தெரியணும் தம்பி. பாசி வெளுத்தப்புறம் சொல்லி என்ன பண்ண?" என்றார்.

சரி, 15 முதல் 40 டிகிரி வரை என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 10 பிட்டில் 1024 படிகள். ஒரு படி 0.025 டிகிரிக்கும் குறைவு. நாங்கள் வாங்கியிருந்த சென்சாரின் பிழையே அதைவிடப் பெரிது!

அப்புறம் தேர்வு எளிதானது. ஏடிசிகளில் பிளாஷ் வகைக்கு 1023 கம்பாரேட்டர்கள் (இரண்டு மின்னழுத்தங்களில் எது பெரிது என்று சொல்லும் சுற்றுகள்) வேண்டும். பைப்லைன் வகையில் ஆம்ப்ளிஃபையர்கள் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சிக்மா-டெல்டாவில் எனக்கு உறுத்தியது வேறு. ஒரே ஏடிசி இரண்டு சென்சார்களை மாறி மாறிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும், பல மாதிரிகளைச் சராசரியாக்கும் அதன் ஃபில்டர் பழைய அளவை மறக்கும்வரை சிப் விழித்திருக்க வேண்டும். நிமிடக்கணக்கில் தூங்கி, ஒரு கணம் எழுந்து அளந்துவிட்டு மறுபடி தூங்கும் சிப்புக்கு அது ஒத்துவராது.

மிஞ்சியது எஸ்ஏஆர் வகை. அது, தராசில் பெரிய எடைக்கல்லில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்து நிறுப்பது போல. ஒரே கம்பாரேட்டர், பத்தே ஒப்பீடு. கெப்பாசிட்டர்களில் மின்னேற்றத்தைப் பங்கிட்டு இதைச் செய்யலாம் என்று மெக்ரியரியும் கிரேயும் 1975-லேயே காட்டிவிட்டார்கள்.

சிப்பில் இடம்தான் இழுபறி. நேரடியாகப் போட்டால் 1024 அலகு கெப்பாசிட்டர்கள். ஒரு பிட் கூட்டினால் அதுவும் இரட்டிப்பு. கெப்பாசிட்டர் சிறிதாக ஆக இரைச்சல் கூடும்; ஆனால் மொத்தம் 1 பிக்கோஃபேரட் இருந்தாலே அறை வெப்பத்தில் இரைச்சல் 64 மைக்ரோவோல்ட்தான். 1 வோல்ட் வீச்சில் ஒரு படியே 1 மில்லிவோல்ட்டை ஒட்டியது, எனவே இரைச்சல் பிரச்சினையில்லை. அலகுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே கெப்பாசிட்டரின் அளவைத் தீர்மானித்தது. கெப்பாசிட்டர் வரிசையை, நடுவில் இணைப்பாக ஒரு பாலக் கெப்பாசிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்தால் இடம் வெகுவாகக் குறையும். ஆனால் அதன் ஓரங்களில் ஒட்டும் தேவையற்ற கெப்பாசிட்டன்ஸ், மின்னழுத்தத்துக்கும் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள நேர்கோட்டு உறவைக் கெடுக்கும். அதற்குத் திருத்தம் போடும் வேலையைவிடக் கொஞ்சம் இடம் போகட்டும் என்று விட்டோம்.

எதிர்பாராத செலவு தூக்கத்தில் வந்தது. வெயிலில் கிடக்கும் மிதவைக்குள் சூடு ஏற ஏற அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர்கள் வழியே கசியும் மின்சாரமும் ஏறியது. ஏடிசிக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்க ஒரு சுவிட்ச் சேர்த்தோம். இப்போது பேட்டரியை அதிகம் தின்பது ரேடியோ. அது வேறு குழுவின் தலைவலி.